கடன் குழுவில் பரமண்டல ஜெபம்

எங்கள் சேமிப்புக் கடன் கூட்டுறவுச் சங்கத்தில் நான் சில ஆண்டுகள் பொருளாளராக இருந்தேன். கடன் குழுவின் ஒவ்வொரு கூட்டமும் இயேசு கற்பித்த பரமண்டல ஜெபத்தோடு தொடங்கும். “எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்” என்று எல்லோரும் கண்களை மூடிச் சொல்லி முடிப்போம். கண்களைத் திறந்ததும் மேசைமேல் இருக்கும் முதல் தாள் தவணை தவறியவர்களின் பட்டியலாக இருக்கும். கத்தோலிக்க நண்பர்கள் சொல்லும் ஜெபத்தில் அந்த இடத்தில் ‘குற்றங்கள்’ என்ற சொல் வருவதால் அவர்களுக்கு இந்தச் சங்கடம் சற்றுக் குறைவாக இருக்கலாம். நாங்களோ மன்னிப்பைக் கேட்ட நாவின் ஈரம் காய்வதற்குள் நிலுவை, தண்ட வட்டி, ஜாமீன்தாரருக்கு நோட்டீஸ் என்று பேசத் தொடங்கவேண்டியிருந்தது. குழுவுக்குப் புதிதாக வந்த ஒருவர் முதல் கூட்டத்திலேயே மெல்லச் சிரித்துவிட்டார். ஏன் சிரித்தீர்கள் என்று அவரை யாரும் கேட்கவில்லை.

சபை உறுப்பினர்கள் சிலர் கூடித் தொடங்கிய சங்கம் அது. கந்துவட்டியில் சிக்கியவர்களை மீட்பதும், சிறு சேமிப்பைப் பழக்குவதும் நோக்கம். துணைவிதிகளின் முன்னுரையில் “கிறிஸ்துவின் அன்பை மையமாகக் கொண்டு” என்ற சொற்றொடர் இருந்தது. அந்தச் சொற்றொடருக்கு என்ன பொருள் என்று நாங்கள் பல ஆண்டுகள் யோசிக்கவே இல்லை. கூட்டத்தின் தொடக்கத்தில் ஜெபம், அலுவலகச் சுவரில் ஒரு வசனம், ஆண்டறிக்கையின் முதல் பக்கத்தில் போதகரின் வாழ்த்துரை, இவற்றோடு மையம் நிறைவேறிவிட்டதாக எண்ணிக்கொண்டோம். அந்த எண்ணத்தைக் கலைத்தது ஒரு நிலுவைக் கணக்கு.

சபையில் எல்லோருக்கும் வேண்டியவர், பாடகர் குழுவில் நெடுநாள் பாடியவர், பெரிய தொகை ஒன்றைக் கடனாகப் பெற்றிருந்தார். தவணைகள் நின்றுபோய் ஓராண்டுக்கும் மேலாகியிருந்தது. அவருடைய துன்பம் உண்மையானது. அதில் எங்களில் எவருக்கும் ஐயமில்லை. “நாம் கிறிஸ்தவர்கள், தள்ளுபடி செய்துவிடலாம்” என்றார் ஒருவர். “அது நம்முடைய பணமில்லையே” என்றார் மற்றொருவர். இரண்டுக்கும் ஆதாரமாக வசனங்கள் கிடைத்தன. முடிவெடுக்க முடியாமல், ஜெபத்தில் வைப்போம் என்று சொல்லி அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்தோம். அடுத்த கூட்டத்திலும் அப்படியே செய்தோம். ஜெபம் என்ற சொல்லை ஒத்திவைப்புக்கு மாற்றுச் சொல்லாகப் பயன்படுத்தும் பழக்கம் எங்களைப் போன்ற சங்கங்களுக்கு எளிதில் தொற்றிக்கொள்ளும் நோய் என்பதை அப்போது நான் உணரவில்லை.

அதே காலத்தில், சபையைச் சேராத, தொகையும் மிகச் சிறியதான ஒரு கடனாளி மூன்று தவணைகள் தவறியதும், விதியில் உள்ளபடியே அவருக்கும் அவருடைய ஜாமீன்தாரருக்கும் நோட்டீஸ் போயிற்று. அதில் கையெழுத்திட்டவன் நான். விதிப்படி அது சரி என்பதால் என் மனம் சிறிதும் உறுத்தவில்லை. ஆண்டு முடிவில் தணிக்கையாளர் இரண்டு கணக்குகளையும் அருகருகே வைத்து, “இவருக்கு ஒரு விதி, அவருக்கு ஒரு விதியா?” என்று கேட்டபோதுதான், பொன் மோதிரம் அணிந்தவனுக்கு நல்ல இருக்கையும் கந்தை உடுத்தவனுக்குக் காலடியும் காட்டுகிற சபையைப் பற்றி யாக்கோபு எழுதியது நினைவுக்கு வந்தது. இரக்கம் காட்டுகிறோம் என்று நினைத்தபடியே நாங்கள் பட்சபாதம் செய்துகொண்டிருந்தோம். தணிக்கையாளர் கிறிஸ்தவர் அல்லர் என்பதையும் சொல்லவேண்டும்.

மன்னிப்பைப் பற்றிய என் குழப்பம் அதன் பிறகுதான் தெளியத் தொடங்கியது. மத்தேயு 18ஆம் அதிகாரத்தில் இயேசு சொல்லும் உவமையில், பதினாயிரம் தாலந்து என்ற பெருங்கடனை மன்னிக்கும் ராஜா தன்னுடைய பணத்தை மன்னிக்கிறார். இழப்பு அவருடையது, ஆகவே இரக்கமும் அவருடையதாகிறது. கூட்டுறவுச் சங்கத்தின் நிர்வாகக் குழுவில் அமர்ந்திருப்பவர் ராஜா அல்லர், பிறர் பொருளைப் பராமரிக்கும் உக்கிராணக்காரர். அவர் தள்ளுபடி செய்யும் ஒவ்வொரு தொகையும் வேறு ஒருவருடைய வைப்புத்தொகையிலிருந்தோ, பங்குத்தொகையிலிருந்தோ, பல ஆண்டுகள் சேர்த்த காப்பு நிதியிலிருந்தோ போகிறது. வைப்பாளர்களில் கடனாளியைவிட வறியவர்களும் இருப்பார்கள். பிறர் பணத்தில் தாராளமாக இருப்பது எளிது; அதில் வரும் நற்பெயர் நமக்குக் கிடைக்கும், இழப்பு இன்னொருவர் கணக்கில் விழும். “உக்கிராணக்காரன் உண்மையுள்ளவனென்று காணப்படுவது அவனுக்கு அவசியமாம்” என்று பவுல் எழுதுவதை நான் அதுவரை ஊழியக்காரருக்கான வசனமாகவே வாசித்திருந்தேன். (லூக்கா 16இல் எஜமானுடைய கடனாளிகளின் சீட்டுகளில் தொகையைக் குறைத்து எழுதச் சொன்ன உக்கிராணக்காரன் புகழப்படுகிறானே என்று ஒரு நண்பர் என்னை மடக்கினார். அந்த உவமை கடினமானது. அதை வைத்துக் கடன் கொள்கை வகுக்க எனக்குத் துணிவில்லை.)

இதற்கு நாங்கள் கண்ட வழி புதிதான ஒன்றல்ல. ஆண்டு உபரியில் ஒரு பங்கைத் தனியாக ஒதுக்கி உதவி நிதி ஒன்றை ஏற்படுத்த, உறுப்பினர் அனைவரும் கூடும் பேரவையின் ஒப்புதலைப் பெற்றோம். விரும்பும் உறுப்பினர் அதில் நன்கொடையும் சேர்க்கலாம். நோய், மரணம், வேலையிழப்பு போன்ற காரணங்களால் தவணை செலுத்த முடியாதவருக்கு அந்த நிதியிலிருந்து தொகை வழங்கப்பட்டு, அவருடைய கடன் கணக்கில் முறையாக வரவு வைக்கப்படும். கடன் பேரேட்டில் பொய் எழுதவேண்டியதில்லை. வைப்பாளர் பணம் தொடப்படுவதில்லை. கொடுப்பவர்கள் தாங்கள் கொடுக்கிறோம் என்று அறிந்தே கொடுக்கிறார்கள். விண்ணப்பத்தை விசாரிப்பவர்கள் இருவர் மட்டுமே. பெயர் பேரவையில் வாசிக்கப்படாது, ஆனால் தணிக்கையாளர் பார்ப்பார். சபையைச் சேர்ந்தவரா இல்லையா என்ற கேள்வி விண்ணப்பப் படிவத்தில் இல்லை. நிதி சிறியது, கேட்கும் எல்லோருக்கும் போதாது. அப்படிப் போதாமல் போகும்போது “இல்லை” என்று சொல்லவேண்டியிருப்பது இன்றும் வலிக்கத்தான் செய்கிறது.

பின்னாளில் கூட்டுறவு வரலாற்றை வாசித்தபோது, இதே சிக்கலை எங்களுக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே ஒருவர் பாடுபட்டுக் கடந்திருப்பதை அறிந்தேன். ஜெர்மனியின் ஃபிரெடரிக் வில்ஹெல்ம் ரைஃபைசன் (1818–1888) ஆழ்ந்த புராட்டஸ்டண்ட் விசுவாசி. வைரபுஷ் என்ற ஊர்ப்புறப் பகுதியின் மேயராக அவர் இருந்தபோது 1846–47ஆம் ஆண்டுப் பஞ்சம் வந்தது. வசதியுள்ளவர்களிடம் பணம் திரட்டி ஏழைகளுக்கு ரொட்டி கிடைக்கச் செய்தார். 1849இல் பிளாமர்ஸ்ஃபெல்டிலும் 1854இல் ஹெடஸ்டோர்ஃபிலும் அவர் தொடங்கிய சங்கங்களும் அடிப்படையில் வசதியுள்ளவர்கள் வறியவர்களுக்கு உதவும் அமைப்புகளே. அன்பு அவற்றை நடத்தும் என்று அவர் நம்பினார். ஆனால் கொடுப்பவர்களின் ஆர்வம் நாளடைவில் தளர்ந்தது. உதவி பெறுபவர்களே உறுப்பினர்களாகி, ஒருவருக்கொருவர் பொறுப்பேற்று, தங்கள் கடன் சங்கத்தைத் தாங்களே நடத்தவேண்டும் என்ற முடிவுக்கு அவர் மனமின்றியே வந்தார். 1864இல் ஹெடஸ்டோர்ஃப் சங்கம் அந்த வடிவத்துக்கு மாறியது.

அவர் தம் விசுவாசத்தைக் கைவிட்டு இந்த வடிவத்துக்கு வரவில்லை என்பதே என்னை ஈர்த்தது. சங்கத்தின் எல்லை ஒருவரையொருவர் அறிந்திருக்கும் அளவுக்குச் சிறியதாக இருக்கவேண்டும். நிர்வாகிகள் ஊதியமின்றிப் பணியாற்றவேண்டும், கணக்காளருக்கு மட்டுமே ஊதியம். உபரி பிரித்துக்கொள்ளப்படாமல் பிரிக்க முடியாத பொது நிதியில் சேரவேண்டும். சங்கத்தின் கடனுக்கு உறுப்பினர்கள் அனைவரும் வரம்பின்றிப் பொறுப்பாவார்கள். ‘ஒருவர் பாரத்தை ஒருவர் சுமப்பது’ என்ற வசனத்தைச் சட்ட மொழியில் எழுதினால் ஏறக்குறைய அந்தக் கடைசி விதி கிடைக்கும். அதே காலத்தில் ஜெர்மனியில் கடன் சங்கங்களைக் கட்டிய ஷுல்ட்ஸ-டெலிட்ச் என்பவர், தன்னுதவியையும் வணிக ஒழுங்கையும் முன்னிறுத்தி, ரைஃபைசனுடைய முறைகள் பலவற்றைக் கடுமையாக எதிர்த்தார். நிதி மேலாண்மையில் ஷுல்ட்ஸவின் கண்டனங்கள் சிலவற்றில் நியாயம் இருந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது. நீண்ட காலத்துக்குக் கடன் கொடுத்துவிட்டுக் குறுகிய காலத்தில் திருப்பித் தரவேண்டிய வைப்புகளை வாங்குவது எந்தச் சங்கத்துக்கும் ஆபத்துதான், அது ஜெபிக்கிற சங்கமானாலும்.

இனி, எங்கள் சங்கத்தில் மிகுந்த சூட்டைக் கிளப்பிய கேள்விக்கு வருகிறேன். விசுவாசம் மையம் என்றால் உறுப்பினராக விசுவாசிகள் மட்டும்தானா? ஞானஸ்நானச் சான்றிதழை விண்ணப்பத்தோடு இணைக்கவேண்டும் என்று ஒரு தீர்மானம் பேரவைக்கு வந்தது. தீர்மானத்தைக் கொண்டுவந்தவர்கள் கெட்ட எண்ணத்தோடு கொண்டுவரவில்லை. நாலாபக்கமும் கதவைத் திறந்தால் சங்கம் சாதாரண வங்கியைப் போல ஆகிவிடும் என்ற அச்சம் அவர்களுக்கு இருந்தது, அந்த அச்சம் வீணானதும் அல்ல. ஆனால் 1844இல் இங்கிலாந்தில் கூட்டுறவுக் கடை திறந்த ராச்டேல் முன்னோடிகள் தொடங்கிய மரபில் சமய நடுநிலை இருந்தது. சர்வதேசக் கூட்டுறவுக் கூட்டமைப்பு 1995இல் வகுத்த கோட்பாடுகளில் முதலாவது, பால், சமூக, இன, அரசியல், சமய வேறுபாடின்றி உறுப்பினர்களைச் சேர்ப்பது. ஆகவே சான்றிதழ் கேட்டால் சங்கம் கூட்டுறவாக இருக்குமா என்ற கேள்வியே முதலில் எழும்.

நான் அதைவிட ஒரு படி மேலே சென்று, அப்படிக் கேட்பது விசுவாசத்துக்கும் கேடு என்று வாதிட்டேன். கடன் கிடைப்பதற்குச் சபை உறுப்பினராயிருப்பது நிபந்தனையானால், கடன் தேவைப்படுகிறவர் சபைக்கு வருவார்; அவர் ஏன் வந்தார் என்பது அவருக்கும் தெரியாமல் போகும், நமக்கும் தெரியாமல் போகும். ஜப்பானில் ககாவா டொயொஹிகோ 1921இல் கோபே நகரில் நுகர்வோர் கூட்டுறவைக் கட்ட முன்னின்றபோது, அந்நாட்டில் கிறிஸ்தவர்கள் மிகச் சிறுபான்மையினர். சேரியில் வாழ்ந்து ஊழியம் செய்த அந்த மனிதர், சிலுவையின் அன்புக்குப் பொருளாதார வடிவம் கொடுக்கும் முயற்சியாகவே கூட்டுறவைக் கருதினார். ஆனால் அதன் உறுப்பினர்களில் மிகப் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள் அல்லர். இன்று அந்தச் சங்கத்தில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் இருக்கிறார்கள். மையத்தில் எரியும் விளக்குக்கு வேலி தேவைப்படவில்லை.

சான்றிதழ் கேட்ட அந்தத் தீர்மானம் தோற்றது. தோற்ற பிறகு இன்னொரு வேலை எஞ்சியிருந்தது; ஏற்கெனவே இருந்த கண்ணுக்குத் தெரியாத வேலிகளை அகற்றுவது. கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில் ஜெபம் முதல் பொருளாக இருந்ததால், அதில் பங்குகொள்ள விரும்பாத உறுப்பினர் ஒவ்வொரு முறையும் தலைகுனிந்து நிற்கவேண்டியிருந்தது. ஊழியர்கள் காலை ஜெபத்துக்கு வராவிட்டால் மேலாளர் வாயால் எதுவும் சொல்லமாட்டார், ஆனால் பதவி உயர்வு நேரத்தில் அது எப்படியோ நினைவுக்கு வந்துவிடும். ஊதியம் கொடுக்கிற இடத்தில் “விருப்பமிருந்தால் வாருங்கள்” என்ற அழைப்பு அவ்வளவு விருப்பத்துக்குரியதாக இருப்பதில்லை. ஆகவே கூட்டத்தின் ஜெபத்தை அதிகாரபூர்வ நேரத்துக்கு முன்னதாகத் தனியே நடத்துவது, ஊழியர் ஜெபத்துக்கு மேலாளர் தலைமை தாங்காமலிருப்பது என்று முடிவெடுத்தோம். இவ்வளவையும் எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும் என்று மூத்த உறுப்பினர் ஒருவர் மனம் வெதும்பிக் கேட்டார். அவருக்கு நான் அன்று சரியான பதில் சொல்லவில்லை. இன்று சொல்வதானால், கணக்குகள் மிஞ்சும் என்பேன்.

ஏனெனில் கிறிஸ்தவர்கள் நடத்தும் சங்கங்களில் மிக எளிதாகப் பாழாவது கணக்குதான். ரசீது கேட்டால் “சகோதரரை நம்பவில்லையா?” என்பார்கள். ரொக்கத்தை எண்ணிச் சரிபார்க்க இன்னொருவர் வந்தால் அது அவமதிப்பாகிவிடும். ஒருவருடைய ஜெப வாழ்க்கையைக் கண்டு பெட்டியின் இரண்டு சாவிகளையும் அவரிடமே கொடுத்துவிடுவார்கள். ஆதித் திருச்சபை இப்படி இருக்கவில்லை. எருசலேமின் ஏழைகளுக்காகத் திரட்டிய காணிக்கையைப் பவுல் தாம் மட்டும் எடுத்துச் செல்லாமல், சபைகளால் நியமிக்கப்பட்ட சகோதரர்களையும் உடன் அனுப்புகிறார். “கர்த்தருக்கு முன்பாகமாத்திரமல்ல, மனுஷருக்கு முன்பாகவும்” யோக்கியமானவற்றைச் செய்ய நாடுவதாகக் காரணமும் எழுதுகிறார். பவுலுக்கே துணையாட்கள் தேவைப்பட்டார்கள் என்றால் எங்கள் காசாளருக்கு ஏன் தேவைப்படக்கூடாது? நீதிமொழிகள் 11ஆம் அதிகாரம் ஜெபத்தைப் பற்றியோ காணிக்கையைப் பற்றியோ தொடங்கவில்லை, “கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது, சுமுத்திரையான நிறைகல்லோ அவருக்குப் பிரியம்” என்று தொடங்குகிறது. அனனியாவின் கதையிலும், நிலத்தை விற்ற பணத்தில் ஒரு பங்கை வைத்துக்கொண்டது குற்றமாகச் சொல்லப்படவில்லை, அது அவனுக்கு உரியது என்று பேதுருவே ஒப்புக்கொள்கிறார். பொய்க் கணக்குக் காட்டியதே குற்றம். இரட்டைக் கையெழுத்து, முன்னறிவிப்பில்லாத ரொக்கச் சரிபார்ப்பு, வெளித் தணிக்கை ஆகியவை எங்கள் சங்கத்தில் இப்போது நடைமுறையில் இருக்கின்றன. இவற்றை ஆவிக்குரிய ஒழுங்குகள் என்று சொன்னால் சிலர் புன்னகைக்கிறார்கள். நான் விளையாட்டாகச் சொல்லவில்லை.

போதகர் சங்கத் தலைவராக இருக்கலாமா என்பதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எங்கள் முதல் தலைவர் போதகரே, நல்லவர், நேர்மையானவர். ஆனால் அவர் பேசி முடித்ததும் விவாதம் முடிந்துவிடும். ஓர் உறுப்பினருக்கு ஒரு வாக்கு என்ற விதி ஏட்டில் இருக்க, எல்லா வாக்குகளும் ஒருவருடைய முகத்தைப் பார்த்தே விழும். அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரத்தில், கிரேக்க மொழி பேசிய விதவைகள் அன்றாடப் பங்கீட்டில் விடப்பட்டார்கள் என்ற முறுமுறுப்பு எழுந்தபோது, அப்போஸ்தலர்கள் பந்தி விசாரணையைத் தாங்கள் வைத்துக்கொள்ளவில்லை. சபையாரையே ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள். அந்த ஏழு பேருடைய பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். பாதிக்கப்பட்ட தரப்பின் கையிலேயே பங்கீடு ஒப்படைக்கப்பட்டதாக நான் வாசிக்கிறேன். ஸ்பெயினின் பாஸ்க் நாட்டில் மோந்திராகோன் கூட்டுறவுகளுக்கு வித்திட்ட கத்தோலிக்கக் குரு ஹோசே மரிய அரிஸ்மெந்தியரியெத்தாவும் 1941இல் அந்த ஊருக்கு வந்து, 1943இல் தொழிற்பள்ளி தொடங்கி, அதில் படித்தவர்கள் 1956இல் முதல் தொழிலகத்தை நிறுவியபோது, அதில் நிர்வாகப் பதவி எதையும் ஏற்கவில்லை. வழிகாட்டியாகவே கடைசிவரை இருந்தார்.

கற்பித்தலைப் பற்றி இன்னும் விரிவாக எழுத ஆசை. எங்கள் சங்கம் மிகப் பின்தங்கியிருப்பது அதில்தான். கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் கத்தோலிக்கக் குருக்கள் முன்னின்று நடத்திய அன்டிகொனிஷ் இயக்கம், சங்கத்தைத் தொடங்குவதற்கு முன்பே சிறு சிறு வாசிப்புக் குழுக்களைத் தொடங்கியது. 1928இல் புனித பிரான்சிஸ் சவேரியார் பல்கலைக்கழகத்தில் அமைந்த விரிவாக்கத் துறையை மோசஸ் கோடி என்ற குரு நடத்தினார். மீனவர்களும் விவசாயிகளும் சுரங்கத் தொழிலாளரும் கூடி, தங்கள் பொருளுக்கு ஏன் விலை கிடைக்கவில்லை என்று படித்தார்கள், அதன் பிறகே சங்கம் கட்டினார்கள். புராட்டஸ்டண்டுகளுக்கும் அதில் இடமிருந்தது. நாங்களோ புதிய உறுப்பினரிடம் பங்குத்தொகையை வாங்கிக்கொண்டு, பாஸ்புத்தகத்தைக் கொடுத்து அனுப்பிவிடுகிறோம். அவருக்கு வாக்கு இருக்கிறது என்பதுகூட அவருக்குத் தெரிவதில்லை.

இவ்வளவும் சரியாகச் செய்தாலும் சங்கம் நிலைக்கும் என்பதற்கு உறுதியில்லை. மோந்திராகோன் குழுமத்தின் முதல் தொழிலகத்திலிருந்து வளர்ந்த வீட்டு உபயோகப் பொருள் நிறுவனமான ஃபாகோர் 2013இல் திவாலானது. வேலையிழந்த உறுப்பினர்களில் பலருக்கு மற்றக் கூட்டுறவுகள் இடம் கொடுத்தன. ஆனால் கடனில் மூழ்கிய நிறுவனத்தை அதன் பிறப்பின் கதை காப்பாற்றவில்லை.

பாடகர் குழுவில் பாடியவருடைய கணக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். தவணைக் காலத்தை நீட்டித்தோம், தண்ட வட்டியை உதவி நிதி ஏற்றது, அசலை அவர் மெல்ல மெல்ல அடைத்தார். நோட்டீஸ் பெற்ற மற்றவரிடம் நான் நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் கணக்கை முடித்துக்கொண்டு ஏற்கெனவே வெளியேறியிருந்தார், திரும்ப வரவில்லை. இப்போது கடன் குழுவில் நிலுவைப் பட்டியல் பெயரில்லாமல் கணக்கு எண்களோடு மட்டும் வாசிக்கப்படுகிறது. என்ன செய்வது என்று முடிவெடுத்துக் குறிப்பேட்டில் எழுதிய பிறகே பெயர்களைத் திறக்கிறோம். சின்னச் சங்கம் என்பதால் சில எண்களைக் கேட்டதுமே பெயர் தெரிந்துவிடுகிறது, அதற்கு வழி காணவில்லை. ஜெபிக்க விரும்புகிறவர்கள் பரமண்டல ஜெபத்தைக் கூட்டத்துக்கு முன்பு சொல்லாமல், கையெழுத்துகள் முடிந்து பேரேட்டை மூடிய பிறகு சொல்லவேண்டும் என்று நான் கேட்டுக்கொண்டேன். குழுவில் இருவருக்கு அதில் இன்றுவரை உடன்பாடில்லை. ஜெபிக்காமல் ஒரு வேலையைத் தொடங்குவதா என்று கேட்கிறார்கள். ஆகவே இப்போதைக்கு இரண்டு முறையும் சொல்கிறோம்.